பூட்டுக்கு வைத்த பொட்டு

நம் ஆட்கள் மென்பொருளைக் காசு கொடுத்து வாங்க மாட்டார்கள், பக்கத்துக் கடையில் டிஸ்கெட்டைக் கடன் கேட்டு நகல் எடுத்துக்கொள்வார்கள் என்று யாராவது என் முன்னால் சொன்னால் எனக்கு இன்றும் சுள்ளென்று கோபம் வரும். இதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஒரு புரோகிராமைக்கூட விற்றிருக்க மாட்டார்கள். நான் விற்றிருக்கிறேன். எழுதியும் இருக்கிறேன். எது விற்றது, எது விற்கவில்லை, ஏன் விற்கவில்லை என்பதையெல்லாம் கிள்ளான், காப்பார், ரவாங் என்று சிலாங்கூர் ஊர்களுக்கெல்லாம் பஸ் ஏறிப் போய்க் கண்ணால் பார்த்தவள். அதனால் இந்த ஒரு விஷயத்தில் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்த கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்த்தேன். கீழே பாத்திரக்கடை, மேலே நாங்கள். முதலாளியை எல்லோரும் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய தாத்தா வட்டித் தொழிலுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். பேரன் கம்ப்யூட்டருக்கு மாறிவிட்டார். ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த பெண்ணான எனக்கு, அதுவும் புரோகிராம் எழுதும் வேலையை, அவர்தான் கொடுத்தார். அந்தக் காலத்தில் வேறு யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள். அவரைக் கெட்டவராகக் காட்டி என் பக்கத்தை நியாயப்படுத்த எனக்கு அவசியமில்லை. அவர் கெட்டவர் இல்லை, தப்பான கணக்குப் போட்டவர். அவ்வளவுதான்.

நான் எழுதியது அச்சகங்களுக்கான வரைகலைப் புரோகிராம். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பு, கோயில் திருவிழா நோட்டீஸ், தீபாவளி வாழ்த்து அட்டை எல்லாவற்றையும் திரையிலேயே போடலாம். கலசம், வாழை மரம், குத்துவிளக்கு, ஓரத்துக்கு மாங்காய்ப் பூவேலை என்று நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை நானே புள்ளி புள்ளியாக வரைந்திருந்தேன். மணமக்கள் பெயரைத் தமிழில் தட்டினால் தோரணம் மாதிரி வளைந்து நிற்கும். அந்த வளைவுக்காக மட்டும் நான்கு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன். மொத்தத்தில் இரண்டு வருட உழைப்பு.

பாஸுக்குப் புரோகிராம் என்பது மெஷின் விற்பதற்கான தூண்டில். அதனால் மூன்று கட்டளை போட்டார். கலர் திரை இருக்கிற மெஷினில்தான் அது ஓட வேண்டும். கணக்குப் போடுவதற்கென்றே தனியாக விற்ற ஒரு சிப் உள்ளே இருந்தால்தான் எழுத்துகள் வளைய வேண்டும். மூன்றாவது, யாரும் நகல் எடுக்காதபடி ஒரு பூட்டு வேண்டும். இந்தப் பூட்டைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

முதல் முதலாகக் காட்டப் போனது கிள்ளானில், தெங்கு கிளானா சாலைக்குப் பின்னால் இருந்த ஓர் அச்சகத்துக்கு. ஓர் அக்கா தனி ஆளாக நடத்தி வந்தார். நாற்பது வயதிருக்கும், காகிதத்தை விரலால் தொட்டே எடை சொல்லிவிடுவார். நாங்கள் எடுத்துப் போன கலர் மெஷினில் என் வாழை மரம் பச்சைப் பசேலென்று வந்து நின்றபோது எழுந்து வந்து திரைக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துப் பார்த்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“இது என் மெஷின்ல ஓடுமா?”

அவர் மேசையில் இருந்தது கறுப்புத் திரையில் மஞ்சள் எழுத்து மட்டும் காட்டும் மெஷின். கலரும் இல்லை, சிப்பும் இல்லை.

“ஓடாதுக்கா. மெஷின மாத்திடுங்க, நல்ல விலைக்குப் போட்டுத் தரேன்” என்றார் பாஸ்.

“வாங்கி ரெண்டு வருஷந்தான் ஆகுது, நல்லாத்தானே இருக்கு. அப்ப வேணாம் லா” என்று சொல்லிவிட்டு, எங்களுக்குக் குடிக்கத் தே வரவழைத்துக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

அடுத்த ஆறு மாதமும் இதே கதைதான். போன இடமெல்லாம் அதே கேள்வி, அதே பதில், அதே தே. விற்றது இரண்டு. அந்த இரண்டு பேரும் எப்படியும் புது மெஷின் வாங்க இருந்தவர்கள். “பாத்தியா, நம்ம ஆளுங்களுக்கு இதோட மதிப்பு தெரியாது” என்றார் பாஸ். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புரோகிராமை வேண்டாம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லையே. எல்லோரும் வேண்டாம் என்றது மெஷினை. இரண்டையும் ஒன்றாகக் கட்டி வைத்துவிட்டு, வாங்காதவர்களுக்கு ரசனை இல்லை என்றால் எப்படி?

தீபாவளிக்குள் முப்பது பிரதி விற்காவிட்டால் புரோகிராமைத் தூக்கிப் போட்டுவிட்டு, வெளிநாட்டுச் சரக்கை மட்டும் விற்கப் போவதாகச் சொல்லிவிட்டார். இரண்டு வருடம் புள்ளி வைத்தது நான். அதைக் குப்பையில் போடக் கொடுத்துவிட்டு, கவுன்டரில் நின்று மௌஸ் விற்க நான் தயாராக இல்லை.

லீவு நாளில் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அச்சகம் அச்சகமாக ஏறி, “உங்ககிட்ட என்ன மெஷின் இருக்கு?” என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டேன். விற்க வரவில்லை என்று தெரிந்ததும் எல்லோரும் பிரியமாகவே காட்டினார்கள். பெரும்பாலும் மஞ்சள் எழுத்துத் திரைதான். கணக்குச் சிப் ஓரிடத்தில்கூட இல்லை. திரும்பி வந்து புரோகிராமைப் பிரித்துப் போட்டு மறுபடி கோர்த்தேன். எழுத்து வளைவதற்கான கணக்கையெல்லாம் முன்கூட்டியே போட்டு, விடைகளைப் பட்டியலாக டிஸ்கெட்டில் எழுதி வைத்துவிட்டேன். இனி மெஷின் கணக்குப் போட வேண்டாம், பார்த்து எடுத்தால் போதும். சிவப்புக்கு நெருக்கமான புள்ளி, பச்சைக்குச் சாய்ந்த கோடு என்று கலர்களையும் கறுப்பு மஞ்சளுக்குள் அடக்கினேன். கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடியது. ஆனால் எல்லா மெஷினிலும் ஓடியது.

கிள்ளான் அக்கா மறுபேச்சில்லாமல் வாங்கினார். அவர் சொல்லிக் காப்பாரில் இருவர், ரவாங்கில் ஒருவர் என்று நான்கே மாதத்தில் இருபதைத் தாண்டிவிட்டது. பாஸும் மறுப்புச் சொல்லாமல் பில் போட்டார். ஆனால் பூட்டை மட்டும் எடுக்க முடியாது என்றார்.

பூட்டு என்றால் தீப்பெட்டி அளவு ஒரு சாம்பல் நிற டப்பா. மெஷினுக்குப் பின்னால் பிரிண்டர் கேபிள் செருகும் இடத்தில் இதைச் செருகி, இதன் முதுகில் கேபிளைச் செருக வேண்டும். புரோகிராம் கிளம்பும்போதெல்லாம் டப்பா இருக்கிறதா என்று விசாரிக்கும். இல்லையென்றால் ‘பூட்டைக் காணவில்லை’ என்று எழுதிக் காட்டிவிட்டு நின்றுவிடும். ஒவ்வொரு பிரதியும் விற்றதும் பாஸே நேரில் போய், அந்த டப்பாவை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுப்பார். “இதுதான் சாவி. உயிரே இதுலதான் இருக்கு. பத்திரமா பாத்துக்குங்க” என்பார். எனக்கு அது பிடிக்கவே இல்லை. காசு கொடுத்து வாங்கியவரை ஒவ்வொரு நாள் காலையிலும் நீ திருடனா என்று கேட்கிற சாமான் அது. சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்கவில்லை.

அந்த வருடம் விஜயதசமி அன்று காலை கடையைத் திறந்ததுமே போன் அடித்தது. காப்பார் அச்சகம். பூட்டைக் காணவில்லை என்று திரையில் வருகிறதாம், ஆனால் பூட்டு இருக்கிறதாம். வைத்தவுடன் இன்னொரு போன், ரவாங். பத்து மணிக்குள் ஏழு பேர். ஒரே நாளில் எல்லா இடத்திலும் நின்றிருக்கிறது என்றால், தேதி சம்பந்தமாக நான்தான் எங்கோ கோட்டை விட்டிருக்கிறேன் என்று நினைத்தேன். மத்தியானம் வரை வரி வரியாகப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. பஸ் ஏறிக் கிள்ளானுக்குப் போனேன்.

அக்காவின் அச்சகத்தில் சாம்பிராணி வாசனை இன்னும் போகவில்லை. காகிதம் வெட்டும் மெஷினுக்கு மாலை, அச்சு மெஷினுக்கு வாழைக்கன்று, கம்ப்யூட்டருக்குத் திரையின் நடுநெற்றியில் பெரிய பொட்டு. நான் குனிந்து பின்பக்கம் பார்த்தேன். பூட்டைக் கழற்றி வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தேன். இருபத்தைந்து ஊசிகளும் சந்தனத்துக்குள் புதைந்திருந்தன. மேலே அழகாக ஒரு குங்குமப் பொட்டு.

“என்னக்கா இது?”

“ஏன், பூஜையில வச்சோம்” என்றார் அக்கா, இது என்ன கேள்வி என்பது போல. “உங்க பாஸ்தானே சொன்னாரு, உயிரே இதுலதான் இருக்குன்னு. அதான் கழட்டித் தட்டுல முதல்ல இத வச்சோம். கத்தி, ரூலர் எல்லாம் இதுக்கு அப்புறந்தான். மஞ்சத் தண்ணி தெளிச்சு, சந்தனம் வச்சு, காலையில எடுத்து மாட்டினேன்.”

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடுத்த நிமிடமே டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். நான் செய்த எதையும் அதுவரை யாரும் பூஜைத் தட்டில் வைத்ததில்லை. தங்களுக்குச் சோறு போடுகிற சாமான்களோடு சேர்த்து, அவற்றுக்கும் முன்னால் வைத்திருக்கிறார்கள். உயிர் அதில்தான் இருக்கிறது என்று நாங்கள் சொன்னதை அப்படியே நம்பியிருக்கிறார்கள்.

அச்சு கழுவும் ஸ்பிரிட்டையும் ஒரு பழைய பல்துலக்கும் பிரஷையும் வாங்கி ஊசி ஊசியாகத் தேய்த்து மறுபடி மாட்டிப் பார்த்தேன். வரவில்லை. காலையில் ஈரத்தோடு மாட்டி ஸ்விட்சைப் போட்டதில் உள்ளே ஏதோ எரிந்துபோயிருந்தது. மறுநாளும் அலைந்து மற்ற ஆறு இடங்களையும் பார்த்தேன். எல்லா இடத்திலும் அதே சந்தனம். ஏழில் இரண்டு பிழைத்தன. ஐந்து போயே போய்விட்டன. தீபாவளிக்கு மூன்று வாரம்தான் இருந்தது. வருடத்திலேயே அச்சகங்களுக்கு அதிக வேலை இருக்கும் சமயம். அக்கா வாழ்த்து அட்டைக்கு ஆர்டர் எடுத்து வைத்திருந்தார். வெளிநாட்டிலிருந்து புதுப் பூட்டு வர ஆறு வாரம் ஆகும்.

பாஸிடம் போய் நின்றேன்.

“தண்ணி பட்டா வாரன்டி கிடையாது. புதுசு வாங்கட்டும்” என்றார்.

“தீபாவளிக்கு அவங்க என்ன பாஸ் பண்ணுவாங்க?”

“அதுக்கு நான் என்ன பண்றது? கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைக்கிறவங்ககிட்ட நாம யாவாரம் பண்றோம் பாரு, நம்மளச் சொல்லணும்.”

அதுவரை அடக்கி வைத்திருந்தது அங்கேதான் உடைந்தது.

“நீங்களுந்தான் பாஸ் உங்க காருக்குப் பொட்டு வச்சீங்க. முந்தாநாள் நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வச்சு ஏத்துனீங்க. கார் ஸ்டார்ட் ஆச்சா இல்லையா? ஏன்னா காரைச் செஞ்சவன் மழை, சேறு எல்லாம் படும்னு நெனச்சுச் செஞ்சான். நாம வாங்குறவன் திருடுவான்னு மட்டுந்தான் நெனச்சோம்.”

கடையில் இருந்த மற்ற இரண்டு பேரும் கீபோர்டைத் துடைப்பது போல் குனிந்துகொண்டார்கள். பாஸின் முகம் சிவந்துவிட்டது. நானும் நிறுத்தவில்லை.

“நாளைக்கு நான் கிள்ளான் போறேன். பூட்டைத் தேடாத டிஸ்கெட் கொண்டு போறேன். காசு கொடுத்து வாங்கினவங்களுக்கு மட்டுந்தான். ஒளிச்சுச் செய்யல, உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் போறேன்.”

“போனா அப்படியே போயிடு. புரோகிராம் கம்பெனியோடது. ஞாபகம் வச்சுக்க.”

“வச்சுக்கிறேன் பாஸ்.”

போனேன். பூட்டை விசாரிக்கிற ஏழே ஏழு வரியை எடுத்துவிட்டு, ஐந்து டிஸ்கெட் போட்டு ஐந்து அச்சகத்துக்கும் கொடுத்தேன். தீபாவளி அட்டைகள் நேரத்துக்கு அச்சாகிப் போயின. அந்த வாரமே மூலப் புரோகிராம், நோட்டு, சாவிக்கொத்து எல்லாவற்றையும் கடையில் ஒப்படைத்துவிட்டேன். ஒரு துண்டுக் காகிதம்கூட எடுத்துவரவில்லை. பாஸ் சொன்னபடியே என் புரோகிராமைத் தூக்கி அலமாரியில் போட்டுவிட்டார். என் இரண்டு வருடம் ஓர் இரும்பு அலமாரிக்குள் போய்விட்டது. வீட்டுக்கு வந்து அழுதேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது? ஒரு நாள் முழுக்க அழுதேன். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு கிள்ளானுக்குப் போனேன்.

“சும்மாவா இருக்கப் போற?” என்று கேட்டார் அக்கா.

“மறுபடியும் முதல்லேருந்து எழுதப் போறேன்கா. புதுப் படம், புதுப் புரோகிராம், பழசுல ஒரு வரி கெடையாது. எழுதினவளுக்கு இன்னொரு தடவ எழுதத் தெரியாதா? மெஷின்தான் இல்ல.”

“மத்தியானத்துல என்னோடது சும்மாதான் இருக்கு, உக்காந்துக்க” என்றவர், கொஞ்சம் யோசித்து, “மேல ஸ்டோர்ல இன்னொண்ணு கெடக்கு. ஆனா அது ரொம்ப மோசம் லா” என்றார்.

“எவ்வளவு மோசம்கா?”

“ஹார்ட் டிஸ்க்கே கெடையாது. ஒரு டிஸ்கெட்ட எடுத்துட்டு இன்னொண்ண வைக்கணும். வேணாம், அதுல உனக்குக் கண்ணு போயிடும்.”

“அதுதான்கா எனக்கு வேணும்.”

அக்கா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். எனக்கு அப்போது விஷயம் பளிச்சென்று விளங்கிவிட்டிருந்தது. பாஸ் இருப்பதிலேயே உயர்ந்த மெஷினை வைத்துக்கொண்டு, ஊரையே அதன் உயரத்துக்கு ஏறி வரச் சொன்னார். நான் இருப்பதிலேயே மோசமான மெஷினில் உட்காருவேன். இதில் ஓடுகிறது சிலாங்கூரில் எந்த அச்சகத்திலும் ஓடும். இனி யாரும் என்னிடம் ஓடுமா என்று கேட்கவே கூடாது. வேண்டுமென்றே, வீம்புக்கென்றே அதைத் தேர்ந்தெடுத்தேன்.

காகிதக் கட்டுகளுக்கு நடுவே, ஒரு காற்றாடி மட்டும் உள்ள ஸ்டோரில் எட்டு மாதம். பதிலுக்கு அக்காவுக்கு அட்டை போட்டுக் கொடுத்தேன். டிஸ்கெட் மாற்றி மாற்றிக் கட்டை விரல் காய்த்துப் போயிற்று. இடம் இல்லாததால் ஒவ்வொரு படத்தையும் சுருக்கிச் சுருக்கி வரையப் பழகினேன். முதல் புரோகிராமைவிட இது வேகமாக ஓடியது. மெஷினில் வசதி இல்லாததால் வந்த வேகம் அது. பூட்டு வைக்கவில்லை. முன்பு பூட்டை விசாரித்த இடத்தில் அக்காவுடைய அச்சகத்தின் போன் நம்பரைப் போட்டு, கோளாறு ஏதும் என்றால் கூப்பிடுங்கள் என்று எழுதினேன்.

யார் சொன்னார்களோ, பாஸ் அந்த நம்பருக்குக் கூப்பிட்டார். “பூட்டு இல்லாம விக்கிறியாமே? ஒருத்தன் வாங்குவான், ஒன்பது பேர் நகல் எடுப்பாங்க. அப்புறம் எங்கிட்ட வந்து அழக் கூடாது.”

“அழுதாச்சு பாஸ். இனிமே விக்கிற வேலைதான்” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நகல் எடுத்தார்கள். எடுக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். நான் விற்காத கடைகளில் என் கலசத்தையும் என் வாழை மரத்தையும் பார்த்திருக்கிறேன், வயிறு எரிந்திருக்கிறது. முதல் மூன்று மாதம் விற்றது ஒன்பதே பிரதி. பாஸ் சொன்னது பலித்துவிடுமோ என்று பஸ்ஸில் உட்கார்ந்து நகத்தைக் கடித்திருக்கிறேன். பலித்தால் அது எனக்கு மட்டுமான தோல்வி இல்லை. நம் ஆட்களைப் பற்றி அவர் சொன்னதெல்லாம் சரி என்றாகிவிடும்.

அந்தச் சமயத்தில்தான் செலாயாங்கிலிருந்து ஒருவர் போன் செய்தார். பாசார் சந்தையில் காய்கறி மொத்த வியாபாரம் செய்பவர்களுக்குப் பெட்டி லேபிள் அச்சடிக்கிற கடையாம். எழுத்தின் அடிப்பாகம் வெட்டுப்பட்டு விழுகிறது, வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார். புதிதாகப் போட்டிருந்த விற்பனை நோட்டைப் புரட்டினேன். செலாயாங்கில் நான் யாருக்கும் விற்கவில்லை. இருந்தாலும் இரண்டு பஸ் மாறிப் போனேன். கோபம் பாதி, என் புரோகிராம் தப்பாக அச்சடிக்கிறதே என்ற வேதனை பாதி.

அறுபதை நெருங்கும் மனிதர். பிரிண்டரில் ஒரு சின்ன விசையைத் தப்பாக வைத்திருந்தார். மாற்றிவிட்டேன். எழுத்து முழுசாக வந்தது. லேபிளைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, மேசை டிராயரைத் திறந்து காசை எடுத்தார். வந்து போன செலவு போதும் என்றேன்.

“அதுக்கு இல்லம்மா. புரோகிராமுக்கு. இதுல இருக்கிறது நகலுதான், தெரிஞ்சவன் கொடுத்தான். எனக்கு ஒண்ணு கொடு.”

“நகலே நல்லாத்தானே ஓடுது அண்ணே. அப்புறம் எதுக்குக் காசு கொடுத்து வாங்குறீங்க?” என் குரலில் இருந்த காரம் எனக்கே கேட்டது.

“அது சரி. ஆனா நாளைக்கு இன்னொரு கோளாறுன்னா, வாங்காதவன் கூப்பிட்டா நீ வருவியா?”

வாங்காதவர் கூப்பிட்டுத்தான் இப்போதும் வந்திருந்தேன். அதை அவருக்கு நான் ஞாபகப்படுத்தவில்லை. ரசீதுப் புத்தகத்தை எடுத்து, “பேரு சொல்லுங்கண்ணே” என்றேன்.